நான் நின்ற இடத்துக்கு ஓர் அம்புக்குறி

கொப்பியின் முதல் பக்கத்தில் இருப்பது சிட்னி விமான நிலையம். வெளிநாடு போகிறவர்கள் நுழையும் வாசல். இரண்டு கண்ணாடிக் கதவு, ஒரு தூண், தூணோடு ஒரு குப்பைத் தொட்டி. கீழே தேதியும் நேரமும். தூணுக்கு இந்தப் பக்கம் ஓர் அம்புக்குறி. அது நான் நின்ற இடம்.

மனைவி பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளுக்கு ஒன்பது வயது. எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, வை ஆர் யூ ட்ரோயிங் த பின்?"

"அது அங்க நிக்குது. அதான்."

"இட்ஸ் ஜஸ்ட் எ பின், அப்பா."

"விடு பிள்ளை, அப்பா கீறட்டும்" என்றாள் மனைவி. "கீறினாத்தான் அவருக்குக் கால் நடக்கும்."

நான் ஓவியன் இல்லை. டைல் ஒட்டுகிறவன். பிளாக்டவுனுக்கு அங்கால் புதிதாக எழும்பும் வீடுகளில் குளியலறைக்கும் சமைக்கிற குசினிக்கும் நிலம் போடுகிறேன். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்தும் அவ்வளவு வராது. இதைக்கூட மனைவிதான் பிழை பார்த்துத் தந்தாள்.

பயணம் ஒன்பது நாள். கரிபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. நாற்பத்தொரு படம் கீறினேன். எல்லாம் ஒரே காரணத்துக்காக. படகில் வந்த எனக்குப் பதின்மூன்று வருடம் கழித்து நிரந்தர விசா கிடைத்திருந்தது. அதன்பிறகு முதல் தடவையாக இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைக்கிறேன். திரும்பி வரும்போது உள்ளே விடுவார்களா? அது ஒன்றுதான் யோசனை. மனைவியும் மகளும் கதவுக்கு இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம் நின்றுவிட்டால்?

பரமட்டாவில் இருக்கிற என் லோயர் சிரித்தார். "அண்ணை, உங்கட விசாவில போகலாம், வரலாம். ஒரு பிரச்சினையும் இல்லை."

பிரச்சினை இல்லை என்று எனக்கு முன்பும் சொல்லியிருக்கிறார்கள்.

கீறும் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். வந்த புதிதில் தடுப்பு முகாமில் ஒரு விசாரணை நடந்தது. ஊரில் வீடு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். கிணறு எந்தப் பக்கம்? இடது பக்கம் என்றேன். மூன்று வருடம் கழித்து வேறோர் அறையில் வேறோர் அதிகாரி அதையே கேட்டார். வலது பக்கம் என்றேன். இரண்டும் உண்மை. முதல் தடவை ரோட்டில் நின்று வீட்டைப் பார்க்கிற மாதிரி நினைத்துச் சொன்னேன். இரண்டாம் தடவை வீட்டுக்குள் நின்று ரோட்டைப் பார்க்கிற மாதிரி. எங்கே நின்று பார்க்கிறாய் என்று அவர்கள் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மறுப்புக் கடிதத்தில் அந்தக் கிணறு வந்திருந்தது. இவருடைய பேச்சை நம்ப முடியாது என்று ஒரு பந்தி. லோயர் வாசித்துக் காட்டினார். பிறகு ஒரு கடதாசியில் வீட்டைக் கீறி, கிணற்றைக் கீறி, நான் நினைத்து நின்ற இரண்டு இடத்துக்கும் இரண்டு அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். அதை யாரும் பார்த்தார்களோ தெரியாது. பதில் வரவில்லை. தற்காலிக விசாவிலேயே வருடங்கள் போயின. பிறகு சட்டம் மாறி, என்னைப் போல இருந்தவர்களுக்கெல்லாம் விசா வந்தபோது எனக்கும் வந்தது.

கிணற்றுக்குப் பிறகு எங்கே போனாலும் கீறி வைப்பேன். வேலைத்தளம், வாடகை வீடு, மகள் பிறந்த ஆஸ்பத்திரி அறை. ஒருநாள் யாராவது கேட்டால் காட்ட வேண்டும். இது எனக்கு மட்டும் வந்த பழக்கம் இல்லை. என்னோடு படகில் வந்த ஒருவன் சாமான் வாங்கிய ரசீதுத் துண்டு ஒன்றையும் எறிவதில்லை. பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறான். இன்னொருவன் இன்றைக்கும் காலையில் வெளியே போகும்போது தன் வாசல் கதவைப் போனில் படம் எடுக்கிறான். ஏன் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

போன காரணம் அக்காவின் மகளுடைய கல்யாணம். அக்கா டொரோண்டோவில் இருக்கிறாள். அவளைப் பார்த்துப் பத்தொன்பது வருடம். கனடா விசாவுக்கு இரண்டு தடவை போட்டேன். இரண்டு தடவையும் இல்லை என்று வந்தது. அதன்பிறகு மருமகள் தன் கல்யாணத்தை ஒரு தீவில் வைக்கிறேன் என்றாள். கனடாவில் இப்போது நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்களாம். அந்தத் தீவுக்காரர் எனக்கு விசா தந்தார்கள். அக்கா போனில் அழுதாள். மருமகள் போனைப் பறித்து, "மாமா, எல்லாரும் நான் பீச்சுக்கு ஆசைப்பட்டு வைக்கிறன் எண்டு நினைக்கினம். உங்களுக்காகத்தான் வைக்கிறன். வராட்டிப் பாருங்கோ" என்றாள். மெய்யோ பொய்யோ, எனக்கு அது போதும்.

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. லீவு கிடைக்கவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம்.

"நீங்க போயிட்டு வாங்கோ" என்றாள் மனைவி.

"வர விடாட்டி?"

"விடாட்டி நான் வந்து இழுத்துக்கொண்டு வாறன்."

மூன்று விமானம் மாறிப் போனேன். ஒவ்வொரு நிலையத்திலும் கீறினேன். எந்தக் கதவால் வந்தேன், எங்கே இருந்தேன், எந்தக் கதவால் போனேன். நிலத்தில் பெரிய டைல் ஒன்று அறுநூறு மில்லிமீற்றர். டைலை எண்ணினால் மண்டபத்தின் நீளம் வந்துவிடும். அதையும் எழுதினேன். ஓரிடத்தில் வேலை நன்றாக இருந்தது. நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் ஒரே அளவு துண்டு விட்டிருந்தார்கள். இன்னோரிடத்தில் சுவரோரம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டுத் துண்டு வைத்திருந்தார்கள். எங்கள் பாஸ் கண்டிருந்தால் கழற்ற வைத்திருப்பார்.

தீவில் இறங்கினால் சூடு முகத்தில் அடித்தது. சின்ன நிலையம். வெளியே வரும் வாசலில் நின்றேன். தள்ளுகிற கதவா, தானாகத் திறக்கிற கதவா என்று பார்த்து, கொப்பியை எடுத்தேன்.

"டேய்!"

நிமிர்ந்தேன். அக்கா.

"பத்தொன்பது வருசம் கழிச்சு வாறாய். என்னை விட்டுட்டுக் கதவைக் கீறிறியோ?"

தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மாறவில்லை. ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். என் கையில் பென்சில் இருந்தது. அவளுடைய வெள்ளைச் சட்டையில் ஒரு நீளக் கோடு விழுந்தது. அத்தான் பின்னால் பெட்டி வண்டிலோடு நின்றார்.

"பேசாமல் நில்லப்பா" என்று அக்காவிடம் சொன்னார். "மச்சான் உன்னை அளந்து முடிச்சுட்டுத்தான் கதைப்பான்."

ஹோட்டல் கடற்கரையில் இருந்தது. கையில் மஞ்சள் பட்டி கட்டினார்கள். அதைக் காட்டினால் எந்த நேரமும் சாப்பாடு. பட்டியையும் கீறினேன். அறை, அறை வாசல்களுக்கு நடுவே போகும் ஓடை, படி, நெருப்புப் பிடித்தால் ஓடுகிற வழி. கமெரா எங்கே இருக்கிறது, எந்தக் கதவு தானாகப் பூட்டுப்படுகிறது. பிறகு வெளியே. பச்சையும் மஞ்சளுமாகப் பூசிய பலகை வீடுகள். ரோட்டோரத்தில் ஈரப்பலாவை முழுசாக நெருப்பில் போட்டுச் சுட்டு விற்கும் தகரக் கொட்டில். ஐந்து நிமிடம் பெய்துவிட்டு நிற்கும் மழை. மழையைக் கீற வரவில்லை. நனைந்த படியைக் கீறினேன்.

இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டில் அக்கா கொப்பியைப் புரட்டினாள்.

"ஏன்டா ஒரு சனத்தையும் காணேல்ல?"

"ஆக்கள் ஒரு இடத்தில நிக்க மாட்டினம். பிறகு படம் பிழையாப் போகும்."

"ஆருக்குப் பிழையாப் போகும்?"

நான் தட்டில் இருந்த முட்டையை உரித்தேன். அவளுக்குத் தெரியும்.

"கலியாணத்துக்கு வந்த மாதிரி இல்லை. கோர்ட்டுக்கு வந்த மாதிரித்தான் நிக்கிறாய்" என்றாள். பிறகு என் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள்.

நான்காம் நாள் கல்யாண ஆட்கள் பூவுக்கும் மணவறைக்கும் ஓடித் திரிந்தார்கள். டொரோண்டோவில் இருந்து மணவறையைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு தூணைக் காணவில்லை என்று சத்தம். நான் வழி விட்டு, சனம் ஏற்றும் வான் ஒன்றில் ஏறி நகரத்துக்குப் போனேன்.

துறைமுகம் சிறியது. மீன் விற்கும் கொட்டில் ஒன்று, கம்பி வேலி, கேற், காவல் அறை, மரப்பாலம், பாலத்தோடு கட்டிய சாம்பல் நிறப் படகு. படகில் ஏதோ எழுதியிருந்தது. வாசிக்க முயலவில்லை. நிழல் பார்த்துச் சீமெந்துத் திட்டில் இருந்து கீறினேன். பிறகு எழும்பி, கேற்றில் இருந்து படகு வரைக்கும் வேலியோரமாக எட்டு வைத்து நடந்தேன். நூற்றுப்பத்துக் காலடி. எழுதினேன். திரும்பி வந்து கேற்றின் அகலத்தையும் எட்டு வைத்துப் பார்த்தேன்.

அப்போது ஒரு காவல்காரர் முன்னால் நின்றார். உயரமான ஆள்.

"என்ன செய்கிறீர்கள்?"

"ட்ரோயிங்" என்றேன்.

கொப்பியை வாங்கினார். ஒரு பக்கம் பார்த்தார். அடுத்த பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உள்ளே வாருங்கள்."

காவல் அறைக்குள் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, இரண்டு கதிரை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் இருந்து மெதுவாகப் புரட்டினார்.

அப்போதுதான் அந்தக் கொப்பியை இன்னோர் ஆளுடைய கண்ணால் பார்த்தேன். விமான நிலையத்துக் கதவுகள். ஹோட்டல் ஓடை. கமெரா. பூட்டு. கடைசியாகத் துறைமுகத்து வேலி, கேற், காவல் படகு, எத்தனை எட்டு. ஓர் இடத்திலும் மனிதர் இல்லை. கள்ளனுடைய கொப்பி. அதைவிட மோசமும் நினைக்கலாம்.

பதின்மூன்று வருடம் காத்திருந்து வாங்கியதை ஒரு காலையில் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இவர்கள் சிட்னிக்கு ஒரு போன் போட்டால் போதும்.

"ஹோட்டலில் கமெரா இருக்கிற இடத்தை எதற்குக் கீறினீர்கள்?"

"அது அங்கே இருந்தது."

"இந்த அம்புக்குறி?"

"நான் நின்ற இடம்."

"ஒவ்வொரு பக்கத்திலும்?"

"ஒவ்வொரு பக்கத்திலும்."

அதற்கு மேல் என்னிடம் ஆங்கிலம் இல்லை. பயண ஆவணத்தைக் கொடுத்தேன். அதில் அகதி என்கிற சொல் இருக்கிறது. அவர் அதை வாசித்தார். யாரையாவது கூப்பிடலாமா என்று கேட்டார். அத்தானுக்குப் போன் போட்டேன்.

அரை மணித்தியாலத்தில் அத்தான் வந்தார். அரைக் காற்சட்டை. நெற்றியில் சந்தனம். கை இரண்டும் மஞ்சள். கல்யாண வேலையில் இருந்து அப்படியே வந்திருந்தார். வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன மச்சான், கப்பல் கிப்பல் கடத்தப் போறியோ?"

"பகிடி விடாதேங்கோ அத்தான். கிணத்தைப் பற்றிச் சொல்லுங்கோ."

அத்தான் சொன்னார். பாதி சரி, பாதி கூட்டிச் சொன்னார். அதிகாரிக்கு விளங்கவில்லை. கிணறு எப்படி இடதும் வலதுமாக இருக்கும் என்று கேட்டார். அதே கேள்வி. நான் மேசையில் கிடந்த ஒரு கடதாசியை எடுத்து வீட்டைக் கீறினேன். கிணற்றைக் கீறினேன். ரோட்டில் ஓர் அம்புக்குறி. வீட்டுக்குள் ஓர் அம்புக்குறி. தள்ளி வைத்தேன்.

அவர் கடதாசியை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இரண்டும் சரிதானே" என்றார்.

அதிகாரி ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. கடதாசியை மேசையில் வைத்துவிட்டு, துறைமுகத்துக்குள் இனிமேல் கீற வேண்டாம், மீன் கொட்டிலைக் கீறுங்கள், அது பார்க்க வடிவு என்றார். கொப்பியை என்னிடம் நீட்டினார். போகலாம்.

நான் போகவில்லை. இங்கேதான் பெரிய பிழையை விட்டேன். மேசையில் ஒரு சீல் இருந்தது. மரப்பிடி போட்ட வட்டச் சீல். துறைமுகப் பக்கத்தை விரித்து வைத்து, சீலைக் காட்டினேன்.

"பிளீஸ்" என்றேன். "டேட். டைம்."

அதிகாரி அத்தானைப் பார்த்தார். அத்தான் கூரையைப் பார்த்தார்.

"மச்சான், உன்னைப் பிடிச்சு வைச்சவையிட்டயே சீல் கேக்கிறியோ?"

"நான் இஞ்ச நிண்டதுக்கு வேற ஆர் சாட்சி?"

அதிகாரி சிரிக்கவில்லை. சீலில் மையை ஒற்றி, படத்தின் மூலையில் அழுத்தினார். தேதி போட்டார், நேரம் போட்டார், கையெழுத்தும் வைத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அத்தானோடு வானில் பாதி வழி வரும்வரை சந்தோசமாகத்தான் இருந்தேன்.

பாதி வழியில் அத்தான் கேட்டார். "அது பொலிஸ் சீல் எல்லோ? சிட்னியில காட்டேக்க, ஏன் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போனனீ எண்டு கேட்டால்?"

கொப்பியை விரித்துச் சீலைப் பார்த்தேன்.

நடந்ததைக் கேட்டதும் அக்கா முடிவு சொன்னாள். "பக்கத்தைக் கிழி."

"ஏலாது. பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கிறன்."

"நம்பரை மாத்து."

"மாத்தினால் மாத்தினது தெரியும்."

"அப்ப கொப்பியையே கடலில போடு!"

அதையும் யோசித்தேன். கொப்பி இல்லாமல் போனால் ஒன்பது நாளும் எங்கே நின்றாய் என்று கேட்டால் வாய்தான் இருக்கிறது. என் வாயை யார் நம்பியது?

மனைவிக்குப் போன் எடுத்தேன். சிட்னியில் அப்போது விடிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"சீல் வைக்கச் சொன்னது நீங்களோ, அவையோ?"

"நான்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"ஏன் சிரிக்கிறாய்?"

"பிடிபட்ட ஆக்கள் தப்பி ஓடத்தான் பாப்பினம். நீங்க நிண்டு ரசீது கேட்டிருக்கிறியள்."

"எனக்குப் பயமாக் கிடக்கு."

சிரிப்பு நின்றது. "தெரியும்" என்றாள். "கிழிக்காதேங்கோ. ஒளிக்காதேங்கோ. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. வாங்கோ."

கல்யாணம் ஆறாம் நாள். காற்றுக்கு ஓமம் மூன்று தடவை அணைந்தது. ஐயர் டொரோண்டோவில் இருந்து வந்தவர். தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு மந்திரம் சொன்னார். காணாமல் போன மணவறைத் தூணுக்குப் பதிலாக ஹோட்டல்காரர் ஒரு குடைக் கம்பைத் தந்தார்கள். அதற்குச் சேலை சுற்றினார்கள். தாலி கட்டும்போது மருமகள் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்துக் கண்ணடித்தாள். அன்று நான் ஒன்றும் கீறவில்லை. மணமக்களுக்கு அறுகரிசி போட்டேன், சாப்பிட்டேன், அக்காவோடு இருந்தேன். இருந்தாலும் சீல் நினைப்பு வந்து வந்து போனது.

புறப்படும் காலை அக்கா தன் அறையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இப்ப என்னைக் கீறு. நான் அசைய மாட்டன்."

"எனக்கு ஆக்கள் வராது."

"வராட்டி வராது. கீறு."

கீறினேன். ஒரு மணித்தியாலம். அவள் அசைந்தாள். கதைத்தாள். நடுவில் எழும்பிப் போய் என் பெட்டியில் முறுக்கையும் மிளகாய்த்தூளையும் செருகினாள். படத்தில் மூக்கு பெரிதாகிவிட்டது. கதிரை நன்றாக வந்தது.

வாங்கிப் பார்த்தாள். "இது ஆர்? உன்ர மாமியோ?"

"நீ அசைஞ்சனீ."

"அம்புக்குறி போடேல்லயோ?"

"உனக்கு முன்னால இருந்தனான். அது போடத் தேவையில்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, விமானத்துக்கு நேரமாகிறது என்று என்னைத் தள்ளினாள்.

திரும்பி வரும் வழியில் மூன்று விமானத்திலும் நித்திரை இல்லை. கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஏன் பொலிஸ்? கீறினேன். ஏன் கீறினாய்? அங்கே போனால் கிணறு வரும். கிணறு வந்தால் முதலில் இருந்து எல்லாம் வரும்.

சிட்னியில் காலை. பாஸ்போர்ட் பார்க்கும் இயந்திரம் என் ஆவணத்தை எடுக்கவில்லை. சிவப்பு வெளிச்சம் போட்டது. அதிகாரி இருக்கும் மேசைக்குப் போகச் சொன்னார்கள். வரிசையில் நின்றபோதே கொப்பியை எடுத்துவிட்டேன். என் முறை வந்ததும் ஆவணத்தை வைத்தேன். பக்கத்தில் கொப்பியை முதல் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

அதிகாரி இளம் ஆள். ஆவணத்தைக் கருவியில் வைத்தார். திரையைப் பார்த்தார்.

"எத்தனை நாள் வெளியே?"

"ஒன்பது."

"எங்கே?"

தீவின் பெயரைச் சொன்னேன்.

"எதற்கு?"

"கல்யாணம். அக்காவின் மகள்." கொப்பியை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் கொப்பியைப் பார்த்தார். "அது தேவையில்லை" என்றார்.

பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதையோ தட்டினார். மறுபடி தட்டினார். கையைத் தூக்கிப் பக்கத்து மேசையில் இருந்த மூத்த அதிகாரியைக் கூப்பிட்டார். அந்த அம்மா எழும்பி வந்தார். இரண்டு பேரும் என் ஆவணத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். மனைவியும் மகளும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். எத்தனை டைல் இருக்கும் என்று நிலத்தைப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

"இந்த வகை ஆவணத்துக்கு இதை அழுத்தக்கூடாது, இதைத்தான் அழுத்த வேண்டும்" என்று அந்த அம்மா அவருக்குக் காட்டினார். "பார்த்தாயா? எல்லாம் சரியாக இருக்கிறது."

"மன்னியுங்கள்" என்றார் இளம் அதிகாரி. "நான் வேலைக்குப் புதிது."

ஆவணத்தைத் தந்தார். எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தார். நான் நகரவில்லை.

"முடிந்ததா?" என்று கேட்டேன்.

"முடிந்தது. போகலாம்."

பெட்டி எடுத்துக்கொண்டு வரும்போது சாப்பாட்டுச் சாமான் பார்க்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். சாப்பாடு இருக்கிறது என்று விமானத்தில் தந்த அட்டையில் நானே எழுதியிருந்தேன். அங்கே கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி. முறுக்கைப் பார்த்தார். சரி. மிளகாய்த்தூளைப் பார்த்தார். சரி. பிறகு கொப்பியை எடுத்தார்.

அவர் கட்டைவிரலால் பக்கங்களை விரைவாகத் தட்டினார். கதவுகள் போயின. ஹோட்டல் போனது. சீல் வைத்த பக்கம் போனது. அக்கா போனாள். பிறகு கொப்பியை முதுகில் பிடித்துத் தலைகீழாக உதறினார். ஒன்றும் விழவில்லை.

"இலை, விதை ஏதாவது உள்ளே வைத்திருக்கிறீர்களா?"

"இல்லை. படம் மட்டும்."

"சப்பாத்தைக் காட்டுங்கள்."

கழற்றிக் கொடுத்தேன். அடியில் தீவின் மண் ஒட்டியிருந்தது. உள்ளே கொண்டுபோய்க் கழுவிக்கொண்டு வந்தார். கடதாசியால் துடைத்துத் தந்தார். நான் ஈரச் சப்பாத்தோடு வெளியே நடந்தேன். ஒவ்வோர் எட்டுக்கும் சப்பாத்து சத்தம் போட்டது.

மகள் முதலில் கண்டாள். ஓடி வந்து வயிற்றில் முட்டினாள். மனைவி கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன கேட்டவை?"

"சப்பாத்தில மண் இருக்கோ எண்டு கேட்டவை."

"பிறகு?"

"கழுவித் தந்தவை."

"அவ்வளவோ?"

"அவ்வளவுதான்."

அவள் கைப்பையால் என் தோளில் ஓர் அடி போட்டாள். பிறகு அங்கேயே சனத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நாங்கள் வெளியில் அப்படி நிற்கிற ஆட்கள் இல்லை.

காரை அவள்தான் ஓட்டினாள். மகள் பின்னுக்கு இருந்து முறுக்குக் கடித்துக்கொண்டு கேள்வி கேட்டாள். ஷார்க் இருந்ததா, மச்சாள் என்ன நிறச் சேலை கட்டினாள். இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னேன் என்று நினைக்கிறேன். பரமட்டா வந்தது எனக்குத் தெரியாது.

முழிப்பு வந்தபோது கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. கண்ணாடி நான்கும் இறக்கியிருந்தது. பெட்டி உள்ளே போயிருந்தது. சப்பாத்தைக் கழற்றிப் படியில் வெயிலுக்கு வைத்திருந்தார்கள். குசினிக்குள் மனைவி மகளிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒருவரும் என்னை எழுப்பவில்லை. நானும் எழும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.